பினாங்குக்கு எந்தப் பணம்

கோயமுத்தூர்,
20-7-31

சாமியாத்தாளுக்குத் திருமூர்த்தி எழுதுவது.

இங்கு நான் சுகம். சாரல் அடிக்கிறது; அதை மழை என்று கணக்கில் சேர்க்க முடியாது. பஞ்சு விலை இனி விழுவதற்கு இடமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். வாரம் ஒருமுறை அது புதிதாக ஓர் இடம் கண்டுபிடித்துக்கொள்கிறது.

சித்திரையில் நம் வீட்டில் நடந்த காரியத்துக்குப் பிறகு, ஒரு மாதம் வைத்திருந்து அனுப்புவதாகச் சொல்லிக் கந்தப்பன் மச்சான் உன்னை வெள்ளகோவிலுக்கு அழைத்துப் போனார். இப்போது ஆடி. இதை நான் குறையாக எழுதவில்லை. பிறந்த வீட்டில் அண்ணன் நிழலில் இருப்பது உனக்கு நல்லதுதான். ஆனால் சமையற்கார அம்மாள் தினமும் என்னைப் பார்த்து, “ஏனுங்க, அம்மணி எப்பொ வாராங்க?” என்று கேட்கிறாள். பதில் சொல்லாமல் சாப்பிடுவது சிரமமாக இருக்கிறது.

நம் இருவருக்கும் இடமாற்றம் வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். ஊட்டியை யோசித்தேன். ஊட்டிக்குப் போனால் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனிலேயே துக்கம் விசாரிக்க நாலு பேர் நம் பெட்டியில் ஏறிவிடுவார்கள். தெரிந்தவர்கள் இல்லாத இடம் வேண்டுமானால் கடல் தாண்டித்தான் ஆகவேண்டும். ஆகையால் பினாங்கு. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் ஒரு வாரம். அங்கே மலை உண்டு, மலைமேல் ரயில் உண்டு, கடல் உண்டு. மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் செய்த நாகூர் மீரான் ராவுத்தர் அங்கே பணம் மாற்றும் கடை வைத்திருக்கிறார். அவர் ஒருவர்தான் தெரிந்தவர். அவர் அதிகம் பேசாதவர்.

ஒரு மாதம் இருந்து வரலாம். நீ சரி என்று எழுதினால், ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. அங்கே நம் ரூபாய் செல்லாது. எந்தப் பணத்தைக் கொண்டுபோவது என்று முடிவு செய்யவேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

திருமூர்த்தி


வெள்ளகோவில்,
பிரஜோற்பத்தி ஆடி 12

ஏனுங்க,

கடிதம் வந்தது. நான் சுகம் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், அதனால் எழுதவில்லை.

வீட்டில் நடந்த காரியம் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீட்டில் காரியம் ஒன்றும் நடக்கவில்லை. நம் மகள் செல்லா காய்ச்சலில் செத்துப்போனாள். ஆவணி வந்தால் அவளுக்கு ஐந்து வயது முடியும். இதை ஒருமுறையாவது யாராவது எழுத்தில் எழுதவேண்டும் என்று தோன்றியது.

இங்கே ஒருவரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. அண்ணன் பெண்டாட்டி கருப்பாத்தாள் தன் பிள்ளைகளைக்கூட என் முன்னால் உரக்கக் கூப்பிடுவதில்லை. கையைக் காட்டி அழைக்கிறாள். பிள்ளைகள் ஊமை வீட்டில் வளர்வதுபோல் வளர்கின்றன.

பினாங்குக்கு வருகிறேன். என்னை யாருக்கும் தெரியாத ஊரில் ஒரு மாதம் நடந்து பார்க்கவேண்டும் என்றிருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூர் வீட்டுக்குள் இப்போது என்னால் கால் வைக்க முடியாது. நேரே இங்கிருந்தே வருவேன். திரும்பும்போது அந்த வீட்டுக்கு வருவேனா, இங்கேயே வந்துவிடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் பக்கத்தில் ஒரு மாதம் இருக்க முடிகிறதா என்று பார்த்துத்தான் தெரியவேண்டும். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஆவணிக்கு முன் கிளம்பினால் நல்லது. அவள் பிறந்த நாளன்று நான் இந்த வீட்டில் இருக்க விரும்பவில்லை.

சாமியாத்தாள்


கோயமுத்தூர்,
14-8-31

சாமியாத்தாளுக்கு,

நீ வருகிறேன் என்று எழுதியதில் எனக்கு உண்டான திருப்தியைச் சொல்லி முடியாது. ஆவணிக்கு முன் என்பது மட்டும் இயலவில்லை. பணத்தின் விஷயம் நான் நினைத்ததைவிட ஆழமானது. ஓரளவு விவரம் தருகிறேன்.

முதலில் வங்கி ஏஜெண்டு துரையைப் பார்த்தேன். அவர் இங்கிலாந்துப் பவுன் நோட்டுத்தான் என்கிறார். உலகத்தில் சூரியன் உதிப்பதும் பவுன் நோட்டுச் செல்லுவதும் நிச்சயம் என்றார். இரண்டையும் அவர் ஒரே குரலில் சொன்னபடியால், சூரியனைப் பற்றி எனக்குச் சிறிது கவலை உண்டாயிற்று.

அடுத்து, சிங்கப்பூரில் முன்பு கணக்கராக இருந்து இப்போது ஒப்பணக்கார வீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரைக் கேட்டேன். பினாங்கில் வழங்கும் வெள்ளியை இங்கேயே வாங்கிக்கொண்டு போய்விடவேண்டும் என்றார் அவர். வெள்ளி என்றால் உலோகம் அல்ல, அந்த ஊர் டாலருக்கு நம்மவர்கள் வைத்த பெயர், அதுவும் காகிதம்தான். நூறு வெள்ளிக்கு நூற்றைம்பத்தைந்து ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். இப்போது வாங்குவது மடத்தனம் என்றும், பொறுத்தால் இறங்கும் என்றும், ஆனால் ஏறவும் ஏறலாம் என்றும் சொன்னார். தீர்க்கமான மனிதர்.

மூன்றாவதாக வக்கீல் வெங்கடபதி. அவர் காகிதத்தையே நம்புவதில்லை. காகிதத்தில் எழுதிப் பிழைப்பவர் ஆனதால் அதன் யோக்கியதை தெரியும். நம் வெள்ளி ரூபாயையே கொண்டுபோ, உலோகத்துக்கு எங்கும் மதிப்புண்டு என்கிறார். ஆயிரம் ரூபாய் இருபத்தைந்து ராத்தல் எடை இருக்கிறது. அதைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும், ஆளுக்கு டிக்கெட் வேண்டும், அந்த டிக்கெட்டுக்குப் பணம் வேண்டும். இதை அவரிடம் சொன்னேன். “அப்படீனா ஆளைக் கூட்டீட்டுப் போகாதீங்க” என்றார்.

மூவர் சொன்னதையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. பஞ்சு வியாபாரத்தில் நான் கற்றது ஒன்றுதான். விலை தெளியாதபோது கை வைக்கக்கூடாது. குடோனில் போட்டுப் பூட்டிவிட்டு, பொறுத்திருக்கவேண்டும். ஐப்பசிக்குள் நிலைமை தெளியும்.

திருமூர்த்தி


வெள்ளகோவில்,
பிரஜோற்பத்தி ஆவணி 9

ஏனுங்க,

உங்கள் கடிதத்தை அண்ணன் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், “ஏனம்மணி, மாப்பிள்ளை பினாங்குக்குப் போறாரா, பினாங்கை வாங்கப் போறாரா?” என்றார். கருப்பாத்தாள் சிரித்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். நானும் சிரித்தேன் என்று அவளுக்குச் சொல்லவேண்டியதாயிற்று.

ஆனால் அந்தக் கடிதத்தை அண்ணனுக்கு வாசிப்பதற்கு முன் நான் தனியாக வாசித்தேன். மூன்றாவதாக வக்கீல் வெங்கடபதி என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். மீதியை மறுநாள்தான் வாசிக்க முடிந்தது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாது என்றால் எழுதுகிறேன்.

செல்லாவுக்குக் காய்ச்சல் கண்ட அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று நான் சொன்னேன். நீங்கள் வைத்தியரைக் கேட்டீர்கள். அவர் உட்சூடு என்றார். கடைவீதி டாக்டரைக் கேட்டீர்கள். அவர் மலேரியா என்றார். மூன்றாவதாக வக்கீலைக் கேட்டீர்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது, ஆனால் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் எது பொருந்தும் என்று பார்க்கத் தெரியுமாம். அவர் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். நான்கு நாள் பொறுத்துப் பார்த்தோம். வாடகைக் கார் வாசலில் வந்து நின்றபோது செல்லா கண்ணைத் திறக்கவில்லை.

அன்றைக்கும் மூவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அவள் பிறந்த ஆவணி ஏழு போய்விட்டது. அன்று இந்த வீட்டில் எல்லோரும் என்னைக் கண்டால் அடுத்த அறைக்குப் போனார்கள். நான் கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர்களுக்கும் வீட்டில் நடமாட இடம் வேண்டுமே.

எந்தப் பணமானாலும் சரி. சீக்கிரம் கிளம்பலாம்.

சாமியாத்தாள்


கோயமுத்தூர்,
26-9-31

சாமியாத்தாளுக்கு,

உன் கடிதத்தின் பிற்பகுதிக்கு நேரில் பதில் சொல்கிறேன். எழுத்தில் வைக்கக்கூடிய விஷயம் அல்ல.

நீ பத்திரிகை பார்க்கிறாயோ என்னவோ. லண்டனில் பவுன் நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இங்கே வங்கிகளை இந்த வாரம் மூன்று நாள் சாத்திவைத்தார்கள். ஏஜெண்டு துரையை வீதியில் பார்த்தேன். சூரியன் வழக்கம்போல் உதித்திருந்தது. அதைப்பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. ஜவுளிக்கடைக்காரர் இப்படி நடக்கும் என்று தனக்கு முன்னமே தெரியும் என்கிறார். எப்படி நடக்கும் என்றுதான் அவர் என்னிடம் சொல்லவில்லை.

தங்கம் மட்டும் ஏறிக்கொண்டு போகிறது. பதின்மூன்று ரூபாய்ச் சில்லறைக்குக் கிடந்த தங்கப் பவுன் பதினைந்தைத் தாண்டிவிட்டது. ராஜவீதியில் கூட்டம் தாங்கவில்லை. காங்கேயத்திலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து பெண்கள் கழுத்தில் இருப்பதைக் கழற்றி விற்கிறார்கள். நாட்டுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று தலையங்கம் எழுதியிருக்கிறார்கள்.

இந்த ஊரில் இந்தச் சமயத்தில் தலை நிமிர்ந்து நடப்பவன் நான் ஒருவன்தான். ஏனென்றால் ஆவணிக் கடைசியிலேயே நான் முடிவு செய்துவிட்டேன். எல்லாக் காகிதத்துக்கும் அடியில் இருப்பது தங்கம். தங்கப் பவுனைக் கொண்டுபோனால் பினாங்கில் நாகூர் மீரான் எந்த நாளும் வாங்கிக்கொள்வார். கடையில் போய் வாங்கவேண்டியதும் இல்லை. நம் இரும்புப் பெட்டியிலேயே ஒன்பது பவுன் சும்மா கிடந்தது. அவற்றில் கோப்பதற்காக வளையம் வைத்து ஒட்டியிருந்தது. ஒட்டுள்ள பவுனை நாணயமாக எடுக்கமாட்டார்கள், உருக்குகிற தங்கமாகத்தான் எடைபோடுவார்கள். ஆகையால் நஞ்சுண்டாசாரியிடம் கொடுத்து வளையங்களை நீக்கி, ஒட்டின தடம் தெரியாமல் தேய்த்து வாங்கினேன். சுத்தமான வேலை. நாணயசாலையிலிருந்து நேற்று வந்தவைபோல் இருக்கின்றன.

வக்கீல்கூட என் கையைக் குலுக்கினார். இனித் தடை ஒன்றும் இல்லை. கார்த்திகையில் கிளம்பலாம்.

திருமூர்த்தி


வெள்ளகோவில்,
பிரஜோற்பத்தி புரட்டாசி 14

ஒன்பது பவுன் சும்மா கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள்.

சும்மா கிடக்கவில்லை. செல்லாவுக்குக் காது குத்தின அன்று அண்ணன் அவளை மடியில் வைத்துக்கொண்டு போட்ட மாலை அது. தாய்மாமன் சீர். ஆசாரியை இரண்டாவது காதுக்குப் போகவிடாமல் கத்தினாள். காசில் இருந்த ராஜாவைக் காட்டி, “இங்க பாரு கண்ணு, தாடித் தாத்தா பாக்கறாரு, அழுதா சிரிப்பாரு” என்று அண்ணன் சொன்னார். அன்றிலிருந்து ஒன்பது தாத்தாக்களையும் தினமும் எழுப்பித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். அப்போது நீங்கள் இருந்தீர்கள். திருப்பூரிலிருந்து பஞ்சு விலை வருவதற்குக் காத்துக்கொண்டு இருந்தீர்கள், ஆனால் இருந்தீர்கள்.

காசைப் பற்றி நான் கேட்கவில்லை. காசு எங்கேயும் போகாது. கோத்திருந்த சிவப்புப் பட்டுக்கயிறு எங்கே? எண்ணெயும் வேர்வையும் ஏறிக் கறுத்துப்போயிருந்தது. மாற்றிவிடலாம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். நான் மாற்றவில்லை. அதை முகர்ந்தால் அவள் கழுத்து. வேறு எதிலும் அந்த வாசனை இல்லை. சட்டைகளை எல்லாம் இங்கே கொண்டுவந்த பிறகு கருப்பாத்தாள் தெரியாமல் வெளுக்கப் போட்டுவிட்டாள். அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. கயிறு பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்து இருந்துவிட்டேன்.

நமக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம். மாட்டுக்கு மருந்து போடுவதிலிருந்து மகளுக்கு மருந்து கொடுப்பதுவரை நீங்கள் நாலு பேரைக் கேட்காமல் ஒன்றும் செய்ததில்லை. யாரையும் கேட்காமல் நீங்களாகவே செய்த முடிவு இது ஒன்றுதான்.

பினாங்குக்கு நீங்கள் போய்வாருங்கள். நான் வரவில்லை. அண்ணனிடம் மாலையைப் பற்றிச் சொல்லவில்லை. அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

சாமியாத்தாள்


கோயமுத்தூர்,
12-10-31

சாமியாத்தாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நஞ்சுண்டாசாரியைக் கலந்து பேசினேன். அதே இடத்தில் மறுபடியும் வளையம் வைத்துவிடலாம், வித்தியாசம் தெரியாது என்கிறார். புதிதாகச் சிவப்புப் பட்டுக்கயிறும் வாங்கிக்கொள்ளலாம். மாலை முன்போலவே ஆகிவிடும்.

இவ்விஷயத்தில் உன் மனத்துக்கு நேர்ந்த கஷ்டத்துக்காக நான் வருத்தம் தெரிவிப்பதே முறை என்று வக்கீல் வெங்கடபதியும் அபிப்பிராயப்படுகிறார். அவ்வாறே தெரிவித்துக்கொள்கிறேன்.

திருமூர்த்தி


வெள்ளகோவில்,
பிரஜோற்பத்தி ஐப்பசி 3

வக்கீலின் வருத்தம் கிடைத்தது.

சாமியாத்தாள்


கோயமுத்தூர்,
6-12-31

சாமியாத்தாளுக்கு,

இதை யாரிடமும் காட்டவில்லை. யாரிடமும் கேட்டு எழுதவில்லை. அதனால் சரியாக இராது.

உன் கார்டு வந்த அன்று நஞ்சுண்டாசாரி பட்டறைக்குப் போனேன். கயிறு எங்கே என்று கேட்டேன். “கயிறுங்களா? அன்னைக்கே கூட்டி வாரித் தூசியோட போட்டாச்சுங்களே” என்றார். பொன் பொடி இருக்கும் என்பதால் பட்டறைத் தூசியைக்கூட வீசமாட்டார்கள். அதை விலைக்கு வாங்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதை எரித்து, சாம்பலைக் கழுவிப் பொன்னை எடுப்பார்கள். அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடித்தேன். நொய்யல் கரையில் குடிசை. “தங்கம் எதும் போயிருச்சுங்களா?” என்று கேட்டான். கயிறு என்றேன். அவன் பெண்டாட்டி என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, சாம்பல் குவியலைக் காட்டினாள். நான் குனிந்து பார்த்தேன். சாம்பலில் சிவப்பு இருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தேன். கயிறு இல்லை, சாமியாத்தா. அதை நான் எரித்துவிட்டேன்.

மாலையை ஏன் பிரித்தேன் என்று நீ கேட்கவில்லை. தங்கம் ஏறும் என்று கணக்குப் போட்டேன் என்று நான் எழுதியது பொய் இல்லை. ஆனால் கணக்கு பிறகு வந்தது. தினமும் குடோன் சாவிக்காக இரும்புப் பெட்டியைத் திறக்கவேண்டும். திறந்தால் மேல் தட்டில் மாலை. சாவியை எடுக்கும்போது கை பட்டால் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் வரும். அவள் ஓடிவரும்போது வரும் சத்தம். பிறகு நான் திரும்பிப் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் திரும்பிப் பார்த்தேன். கடைசியில் சாவியைப் பெட்டியில் வைப்பதையே விட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு தூங்கினேன். மாலையாக இருக்கும்வரை என்னால் அதைத் தொடமுடியாது, காசானால் தொடலாம் என்று நினைத்தேன். காசாகிவிட்டது. இப்போதும் தொடவில்லை.

மூன்று பேரைக் கேட்டதைப் பற்றி. ஒருவர் பேச்சை எடுத்துக்கொண்டு நடந்து, அது பிசகிப்போனால் பழி என்னுடையது. மூவரையும் கேட்டுக்கொண்டே இருந்தால் பழி யாருக்கும் இல்லை. பஞ்சில் இப்படித்தான் என் அப்பா பிழைத்தார், நானும் பிழைத்தேன். அவளுக்குக் காய்ச்சல் அடித்த நான்கு நாளும் நான் பயந்துகொண்டிருந்தேன். பயப்படுகிறேன் என்று உன்னிடம் சொல்வதைவிட வக்கீலிடம் போய் அபிப்பிராயம் கேட்பது எனக்குச் சுலபமாக இருந்தது. கடைசியில் காருக்குச் சொன்னது நீதான், நான் அல்ல. அதை நான் மறக்கவில்லை. நேரில் சொல்கிறேன் என்று எழுதினேன். நேரில் என்னால் சொல்லியிருக்க முடியாது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ரூபாய், பவுன் நோட்டு, பினாங்கு வெள்ளி மூன்றும் ஒரே வண்டியில் பூட்டினவை. லண்டன் விழுந்தபோது மூன்றும் சேர்ந்தே விழுந்தன. ஒன்றுக்கொன்று வித்தியாசம் காலணாக்கூட மாறவில்லை. நூறு வெள்ளி ஆடியில் விற்ற விலைக்கே இன்றும் விற்கிறது. ஆடியில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாலும் ஒன்றுதான். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு மாதம் பிடித்தது.

போன வாரம் நாகப்பட்டினம் போனேன். நீ வரவில்லை என்று எழுதிவிட்டாய்; எதற்குப் போனேன் என்று எனக்கும் தெரியவில்லை. கப்பல் ஆபீசில் ஒரு குமாஸ்தா. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“எத்தனை டிக்கெட் சார்?”

“ரெண்டு முழுசு, ஒரு அரைங்க.”

“கொழந்தை பேரு?”

“செல்லாத்தாள்.”

“வயசு?”

“ஆவணியோட அஞ்சு முடிஞ்சுதுங்க.”

அவர் எழுதிக்கொண்டார். கப்பலில் குழந்தைகளுக்குப் பால் உண்டு, ஆனால் டின் பால்தான் என்றார். “டின் பால் அவ குடிக்க மாட்டாளுங்க” என்றேன். வேறு ஏதாவது கையோடு கொண்டுபோகச் சொன்னார். சரி என்றேன். சட்டைப்பையில் இருந்த ரூபாயைக் கொடுத்தேன், எண்ணி வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்து, கடலைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டு, டிக்கெட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று இருந்தன. குமாஸ்தா மேல் தப்பு இல்லை. நான் கேட்டதைத்தான் கொடுத்திருந்தார். திருப்பிக் கொடுத்தால் முக்கால் பங்கு பணம் தருவார்களாம். வாசல்வரை போனேன். உள்ளே போனால் என்ன காரணம் என்று கேட்பார். ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன்.

மூன்று டிக்கெட்டும் என்னிடம் இருக்கின்றன. தை பத்தாம் தேதி கப்பல். உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. இவற்றை என்ன செய்வது என்று யாரையாவது கேட்கலாம் என்று பார்த்தேன். கேட்கக்கூடியவர் யாரும் இந்த ஊரில் இல்லை.

திருமூர்த்தி


வெள்ளகோவில்,
பிரஜோற்பத்தி மார்கழி 2

ஏனுங்க,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் மாடு கன்று போடுகிறது, இல்லாவிட்டால் விருந்தாளி வருகிறார். எழுதாமல் இருக்கக் காரணம் கிடைப்பது எவ்வளவு சுலபம் என்று இப்போது எனக்கும் தெரிகிறது.

கடிதத்தை அண்ணனுக்கு வாசித்தேன். மாலையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து கட்டுத்தறிக்குப் போய், கட்டியிருந்த காளையை அவிழ்த்து, வேறு முளையில் கட்டினார். பிறகு அங்கிருந்து அவிழ்த்துப் பழைய முளையிலேயே கட்டினார். திரும்பி வந்து, “அந்தக் குமாஸ்தாகிட்ட மாப்பிள்ளை வயசு சரியாத்தான் சொல்லியிருக்காரு” என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சித்திரையில்கூட அவர் பந்தலுக்கும் ஆளுக்கும் சொல்லிக்கொண்டு நடந்தாரே தவிர அழவில்லை.

காசுகளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். “குடுத்ததைத் திருப்பி வாங்கற பழக்கம் நம்மூட்டுல இல்லையம்மணி” என்று சொல்லிவிட்டார். ஆகையால் அவை பெட்டியிலேயே இருக்கட்டும். வளையம் வைக்கவேண்டாம். புதுக் கயிறும் வேண்டாம்.

கயிறு போனதை நான் பொறுத்துக்கொண்டேன் என்று நினைக்கவேண்டாம். நான்கு நாளையும் மறக்கப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்குச் சமாதானமாக இருக்கும். எனக்கு எழுத வரவில்லை. ஆனால் நீங்கள் பயந்துகொண்டிருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் ஒருத்திதான் பயந்தேன் என்று இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு பேருமாகப் பயந்திருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் அவள் பெயர் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. அதையும் குமாஸ்தாவிடம்தான் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் குமாஸ்தா அதைக் கப்பல் புத்தகத்தில் எழுதியிருப்பார். நான் அதை நினைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். அவள் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிற இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

தை எட்டாம் தேதி ரயிலுக்குக் கரூர் ஸ்டேஷனில் நிற்பேன். அண்ணன் பஸ்ஸில் கொண்டுவந்து விடுகிறார். நீங்கள் கோயமுத்தூரிலிருந்து வரும் வண்டியில் எனக்கு இடம் போட்டு வையுங்கள். திரும்பும்போது எங்கே இறங்குவேன் என்பதற்கு ஆடியில் எழுதியதைத்தான் இப்போதும் எழுத முடியும், தெரியாது. கரூரில் ஏறுவேன் என்பது மட்டும் தெரியும்.

அரை டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டாம். அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கப்பலில் யாராவது பிள்ளை எங்கே என்று கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன். என்ன சொல்வது என்று நீங்கள் யாரையும் கேட்கவேண்டாம்.

சாமியாத்தாள்